லாரியேறும் தூண்கள்

செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பிரிக்கப்பட்டு விலைபோகின்றன. அவற்றோடு நம் வாழ்விலிருந்து பிரிந்து போவது என்ன?

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்ட ஆனி மாதத்து நாள். காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், முகப்பு ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலுமாக நீண்டு கிடக்கும் வீடொன்றின் முன்னே, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லாரி நிற்கிறது. உள்ளே, முற்றத்தைச் சூழ்ந்த வளவின் கூரை ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டது. ஓடுகள் ஒருபுறமும் உத்தரங்கள் மறுபுறமுமாக முற்றத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாறு பேர் கயிறு கட்டித் தாங்கிப் பிடிக்க, பர்மாத் தேக்கில் கடைந்த தூண் ஒன்று மெல்லச் சாய்கிறது; அது தரையைத் தொட்டதும் ஒருவர் குனிந்து அதன் அடியில் சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதுகிறார். தலைவாசல் நிலை மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் மேற்கட்டையில் செதுக்கிய கஜலட்சுமியின் முகம், தலைமுறை தலைமுறையாய் அப்பிய மஞ்சளிலும் குங்குமத்திலும் மழுங்கிப் போயிருக்கிறது. நிலையில் கடப்பாரை வைக்குமுன் மேஸ்திரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சூடம் ஏற்றி, விழுந்து கும்பிடுகிறார். பிறகு வேலை தொடங்குகிறது.

‘வீட்டைப் பிரிக்கிறது’ என்று இதற்குப் பெயர். பிரித்த பொருள்களில் பெரும்பகுதி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து நட்சத்திர விடுதியின் வரவேற்பறைக்கும், பெருநகரத்துப் பண்ணை வீட்டுக்கும், சினிமாப் படப்பிடிப்பு அரங்கத்துக்கும் போகும். வாங்குகிறவர் அதன் அழகுக்காகவே வாங்குகிறார். விற்கிறவர் அந்த அழகைக் கட்டிக் காக்க இயலாமையால் விற்கிறார். அழகுக்கு இன்று விலை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விலை ஏற ஏற அதற்கு வாழ்வில் இருந்த இடம் குறைந்துகொண்டே வருவதைத்தான் இந்த லாரிகள் காட்டுகின்றன. நவீன வாழ்வில் கலைக்கும் சௌந்தர்யத்துக்கும் என்ன ஸ்தானம் என்ற கேள்வியை ஆராய, இந்த வீடுகளைக் காட்டிலும் தகுந்த இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடல் கடந்து வந்த செல்வம்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலாயா, இலங்கை முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திய நகரத்தார் சமூகத்தினர், ஈட்டிய பொருளைத் தம் வறண்ட சொந்த ஊர்களில் வீடுகளாக எழுப்பினார்கள். பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து பளிங்கும், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடியும் வந்தன. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

1930களின் பொருளாதார மந்தம், 1942இல் பர்மாவுக்குள் ஜப்பானியர் படையெடுப்பு, சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம், 1960களில் அங்கே ராணுவ ஆட்சி எடுத்த நடவடிக்கைகள் ஆகியவை அடுத்தடுத்து வந்து அந்தச் செல்வத்தின் ஊற்றை அடைத்தன. வாரிசுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தார்கள். ஒரே வீட்டில் எண்ணற்ற பங்காளிகளுக்குப் பாத்தியதை. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று ஆண்டுக்கு ஓரிரு முறை கதவு திறக்கும். மற்ற நாள்களில் சாவி காவற்காரரிடம் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஓடு உடைந்து, அடுத்த மழைக்காலத்தில் உத்தரம் ஊறி, அதற்கடுத்த ஆண்டு சுவர் விரிசல் காணும்போது, பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஒப்புதலில் முடியாமல், விற்றுவிடலாம் என்ற பேச்சு மட்டும் எளிதில் ஒப்புதலாகிவிடுகிறது. பங்காளிகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாம் வாழாத ஒரு வீட்டுக்குத் தம் சம்பளத்தைக் கொட்டும்படி யாரையும் நிர்ப்பந்திக்க முடியாது.

> செட்டிநாடு: சில தகவல்கள்
>
> • மரபுக் கணக்கில் 96 ஊர்கள். இன்று எழுபதுக்குச் சற்று மேல். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியவை.
>
> • நகரத்தாரின் கோயில்கள் 9: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி.
>
> • யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்ற ஆண்டு 2014.
>
> • காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை புவிசார் குறியீடு பெற்ற ஆண்டு 2019.

அழகும் பயனும் பிரியாத வீடு

கலையென்பது அவசியங்கள் யாவும் நிறைவேறிய பின் மிஞ்சிய காசில் வாங்கிப் பூசும் அலங்காரம் என்ற அபிப்பிராயம் இன்று படித்தவரிடமும் படியாதவரிடமும் ஒன்றுபோல வேரூன்றியிருக்கிறது. வீடு கட்டுகிறவர் முதலில் கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் கணக்குப் போடுகிறார். ‘எலிவேஷன்’ என்ற பெயரில் முகப்பு அழகுக்கு ஒரு தொகையைக் கடைசியில் ஒதுக்குகிறார். பணம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். செட்டிநாட்டு வீட்டில் இப்படி வெட்டுவதற்கென்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது.

முற்றத்தை எடுத்துக்கொள்வோம். வளவின் நடுவே வானத்துக்குத் திறந்து கிடக்கும் அந்தச் சதுரம், தூண்களின் வரிசையும் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையும் சூழ, கண்ணுக்கு எவ்வளவு இனியதோ அவ்வளவு காரியத்துக்கும் உரியது. வீட்டின் வெப்பக்காற்று அதன் வழியே மேலேறிச் செல்கிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் அமைந்த வாசல்கள் வழியே புதுக்காற்று அதன் இடத்தை நிரப்புகிறது. நான்கு கூரைகளின் மழைநீரும் அங்கே விழுந்து அண்டாக்களிலும் கிணற்றிலும் சேர்கிறது. மிஞ்சிய நீர் வீதியோரக் கால்வாய் வழியே ஊருணிக்குப் போகிறது. வற்றாத ஆறு இல்லாத பூமியில் குடிநீரைத் தேக்கிய அமைப்பு இது. வீட்டின் அழகும் ஊரின் தாகமும் ஒரே கணக்கில் யோசிக்கப்பட்டிருந்தன.

சுவரும் அப்படியே. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்துப் பல பூச்சுகளாக ஏற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து, இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவைக் கலந்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர், தொட்டால் கோடையிலும் குளிர்ந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் பூசிய சுவரில் இன்றைக்கும் முகம் மங்கலாய்த் தெரிவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆண்டுதோறும் சாயம் பூசும் செலவு அந்தச் சுவருக்கு இல்லை. தன் காரியத்தைப் பரிபூரணமாகச் செய்யும் ஒரு பொருள் தானாகவே அழகு பெற்றுவிடுகிறது என்று சொல்லி நிறுத்திவிடவும் முடியாது. ஏனெனில் தலைவாசல் நிலையில் கிளியும் கொடியும் யாளியும் செதுக்கிய ஆசாரிக்குக் காற்றோட்டத்தைப் பற்றிய கவலை ஏதும் இருந்திருக்க முடியாது. தினந்தோறும் பலமுறை கடந்து செல்லும் வாசலில் கண் ஓய்ந்து நிற்க ஓர் இடம் வேண்டுமென்று அவர் நினைத்தார். அந்த நினைப்பும் மழைநீரைப் போல ஒரு தேவையென்றே கட்டியவர்கள் கொண்டார்கள். எனக்கும் அதில் ஐயமில்லை.

> ஆத்தங்குடிக் கல் பிறக்கும் விதம்
>
> இவ்வீடுகளின் தரையில் பதிக்கும் இந்தக் கல்லைச் செய்ய, சதுரமான கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் இரும்புச் சட்டமும், அதனுள் பூவேலை வடிவமைந்த உலோக அச்சும் வைக்கப்படுகின்றன. சிமெண்டில் கலந்து கரைத்த வண்ணக் குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணல்–சிமெண்டுத் தூளையும், பிறகு ஈரக் கலவையையும் பரப்பி அழுத்துகிறார்கள். சூளைக்கு வேலையில்லை, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, பின் காய்கிறது. கண்ணாடி தானாகவே கழன்று வரும்போது, அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. மக்கள் நடக்க நடக்க மெருகு கூடும்.

தூண் போனால் தூண் கிடைக்கும், கை போனால்?

வீடு பிரிவதால் நேரும் விளைவுகளில் கண்ணுக்குத் தெரிவது கட்டடத்தின் அழிவு. தெரியாதது அதைவிடப் பெரியது. பிரித்தெடுத்த தூண் எங்காவது பத்திரமாக நிற்கும். அதைக் கடைந்தவரின் கைப்பழக்கம் நிற்க இடமில்லை. புதிதாக யாரும் அத்தகைய தூண் கேட்காதபோது ஆசாரியின் மகன் பிளைவுட் அலமாரி செய்யப் போகிறார். சுண்ணாம்பு அரைக்கும் செக்கு மூலையில் கிடக்க, கொத்தனார் சிமெண்டுப் பூச்சுக்குப் போகிறார். அவர்கள் போவதில் தவறேதும் இல்லை. ஜீவனம் நடந்தாக வேண்டும். ஆனால் இந்தத் தொழில்கள் ஏட்டில் எழுதிப் படித்து வந்தவையல்ல. சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்க வேண்டும், வெண்கரு எந்தப் பதத்தில் சேர வேண்டும், தேய்க்கும் கை எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் தகப்பன் பக்கத்தில் மகன் நின்று கற்றவை. ஒரு தலைமுறை இடைவெளி விழுந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கேட்க ஆளிராது.

பழுது பார்க்க மனமுள்ள ஒரு பங்காளிக்கே இதனால் புதிய கஷ்டம் வருகிறது. பழைய பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைக்காமல், அவர் சிமெண்டைப் பூசுகிறார். சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரம் சிமெண்டுத் தோலைக் கடந்து வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. காப்பாற்றுவதற்காகச் செய்த செலவே வீட்டைப் பாழாக்குகிறது. அடுத்த ஆண்டு அவரும் விற்பதற்குச் சம்மதிக்கிறார்.

ஊருக்கும் இழப்பு நேர்கிறது. ஒரு வீதியில் மூன்று வீடுகள் பிரிந்தால் அந்த வீதியின் கால்வாய் தூர்ந்து, ஊருணிக்கு வரும் நீர் குறைகிறது. பல வீடுகள் பிரிந்த ஊரில் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்க இடமின்றி அன்றைக்கே காரில் திரும்பிவிடுகிறார்கள். பூக்கடைக்காரர், சமையற்காரர், சலவைக்காரர் என்று அந்த வருகையை நம்பியிருந்தவர்களின் ஆண்டு வருமானம் ஒரு பகலோடு முடிகிறது.

> சட்டம் சொல்வது
>
> 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களோடு, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள்களும் தொல்பொருளாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. விற்பனைத் தொழில் நடத்த உரிமம் வேண்டும். ஆனால் தன் சொந்த வீட்டை ஒருவர் பிரிப்பதையோ, அதன் தூண் மாநிலத்துக்கு மாநிலம் கைமாறுவதையோ இச்சட்டம் தடுப்பதில்லை. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் நூறாண்டைத் தாண்டிவிட்டன, அல்லது தாண்டும் நிலையில் இருக்கின்றன.

யாருக்கு வாய்த்த அழகு?

இவ்வளவையும் படித்த ஒரு வாசகர், ‘இந்த மாளிகைகள் யார் பணத்தில் எழுந்தவை?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியைக் கௌரவமாக எதிர்கொள்ள வேண்டும். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து கடனை அடைக்க முடியாமற்போன பர்மிய உழவர்களின் நிலம் நகரத்தார் கைக்கு மாறியது. அந்தத் தசாப்தத்தின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. நிலத்தை விரும்பி வாங்கவில்லை, வராத கடனுக்கு ஈடாக வேறு வழியின்றி ஏற்றார்கள் என்ற சமாதானமும் சரித்திரத்தில் உண்டு. நிலமிழந்த உழவனுக்கு அந்தச் சமாதானம் எவ்வகையிலும் உதவவில்லை. செட்டிநாட்டுக்குள்ளேயுங்கூட, அந்தச் சுவரைத் தேய்த்த கைகளுக்கு உரியவர்கள் வளவுக்குள் விருந்தினராக உட்கார்ந்ததில்லை.

இதை மறைத்து அழகைப் போற்றுவது பொய்யாகும். ஆயினும், செல்வர் வீட்டில் இருந்ததாலேயே அழகு செல்வருக்கு மட்டும் உரியது என்ற முடிவுக்குப் போவதும் பிழையே. ஆசாரியின் உளியும் கொத்தனாரின் கரணையும் உழைக்கும் மக்களின் ஞானம். அதை உடைத்துவிட்டால் தண்டனை அடைவது பழைய லேவாதேவிக்காரர் அல்லர். நாம் செய்யத்தக்கது, அந்த ஞானத்தைத் தனியார் வளவிலிருந்து பொதுவெளிக்குக் கொண்டுவருவதேயாகும். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இதற்குக் கண்முன் நிற்கும் உதாரணம். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நான்கு மனிதர்கள் பாறையைப் பெயர்க்கும் திமிறலைப் பார்க்க யாருக்கும் சீட்டு வேண்டியதில்லை. சுண்டல் விற்கும் சிறுவனும் மாலை நடைக்கு வரும் நீதிபதியும் ஒரே சிலையைத்தான் பார்க்கிறார்கள். வயிற்றுப்பாடு தீரட்டும், பிறகு கலை என்று ராய் சௌத்ரியின் காலத்து அரசாங்கம் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்தச் சிலை இன்றும் வந்திருக்காது.

கண்ணைப் பழக்காத கல்வி

அழகை இழக்கிறோம் என்பதை உணர்வதற்கே பழகிய கண் வேண்டும். அந்தக் கண்ணை நம் பள்ளிக்கூடங்கள் எப்படி வளர்க்கின்றன? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி முதலியவற்றைக் கற்பிக்க 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். கணக்குக்கும் அறிவியலுக்கும் பகுதிநேரம் போதுமென்று யாரும் எண்ணியதில்லை. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாலோ ஓவிய வகுப்பு பெரும்பாலான பள்ளிகளில் தேர்வுப் பாடத்துக்குத் தானமாகிவிடுகிறது. ஓவியம் கற்கிற பிள்ளைகள் எல்லாரும் ஓவியராக வேண்டியதில்லை. ஒரு கோட்டின் வளைவு ஏன் இப்படிப் போகிறது என்று சிறுவயதில் ஒருமுறையேனும் நின்று பார்த்த குழந்தை, வளர்ந்தபின் தன் ஊர்ப் பேருந்து நிலையம் ஏன் இவ்வளவு அவலட்சணமாக இருக்கிறது என்று கேட்கும். அந்தக் கேள்வி எழாத ஊரில் எந்தத் தூணும் மிஞ்சாது.

இத்தனைக்கும் ரசனை நம் மக்களிடம் வற்றிவிடவில்லை. வாடகை வீட்டின் ஒண்டுக்குடித்தன வாசலில், இரண்டடி இடத்தில், விடிவதற்குள் கோலமிடும் பெண் அதற்குச் சான்று. சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழியும் என்று தெரிந்தும் அவள் புள்ளிகளைக் கணக்குத் தப்பாமல் வைக்கிறாள். அவளிடம் இருக்கும் அந்தக் கவனத்துக்குப் பள்ளியிலும் வீதியிலும் அரசாங்கக் கட்டடத்திலும் ஆதரவு இல்லை என்பதே நம் குறை.

மீட்டவர்கள்

நம்பிக்கைக்கு இடம் இல்லாமலும் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வணிகர் வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டு, ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் அதன் திண்ணையில் உட்கார்ந்து போகிறார்கள். கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், கானாடுகாத்தானின் விசாலம் போன்ற வீடுகள் விடுதிகளாகி, இருந்த இடத்திலேயே நிற்கின்றன. வீட்டுக்கு வருமானம் வந்தால் பூச்சு தெரிந்த கொத்தனாருக்கும் வேலை வருகிறது. எல்லா வீடும் விடுதியாக முடியாது, ஆகவும் வேண்டாம். ஊர் முழுதும் விருந்தாளிகளுக்கென்றே ஆகிவிட்டால் அங்கே பிறந்தவர்களுக்கு இடமிராது.

இவற்றைவிட என்னை ஈர்ப்பது கொட்டானின் கதை. பனையோலைக்குச் சாயமேற்றிப் பின்னிய இந்தச் சிறு கூடைகளை, ஒரு காலத்தில் நகரத்தார் வீட்டு ஆச்சிமாரே கல்யாணச் சீருக்கென்று தம் கையால் முடைந்து வந்தார்கள். பிளாஸ்டிக் வந்தபின் வழக்கொழிந்த அந்தக் கைவேலையை, விசாலாட்சி ராமசாமியும் அவர் நடத்திய பண்பாட்டு அறக்கட்டளையும் பழைய கூடைகளைத் தேடிச் சேகரித்து, கிராமப் பெண்களுக்குப் பயிற்சி தந்து மீட்டெடுத்தார்கள். இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதை முடைகிற பெண்ணுக்குச் சொந்தச் சம்பாத்தியம் உண்டு. பணக்கார வீட்டு ஆச்சியின் கைவேலை, உழைக்கும் பெண்ணின் தொழிலாக மாறியிருக்கிறது.

கலையால் பிழைக்க முடியாது என்பவர்களுக்குச் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கம் இன்னொரு பதில். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் அங்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியபோது, பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருமானத்தை நம்பியே அதைச் செய்தார்கள். பிழைப்புக்குக் கைவினை, மற்ற நேரத்தில் தம் ஓவியமும் சிற்பமும் என்று வாழ்ந்த அவர்களிடமிருந்து, இந்திய நவீன ஓவியத்தில் சென்னைக்கென்று ஒரு தனி முகம் உருவாயிற்று.

இனிச் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று 2012இல் ஆணையச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தனியார் வீடுகளைக் காப்பதற்கு அந்தச் சட்டம் கைகொடுக்க வேண்டுமானால், தடையுத்தரவு மட்டும் உதவாது. பழுது பார்க்கும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் விலக்கும், குறைந்த வட்டியில் கடனும் தரப்பட வேண்டும். இடிக்கவே கூடாதென்று ஆணையிட்டுவிட்டுச் செலவு முழுவதையும் பங்காளிகள் தலையில் கட்டினால், வீடுகள் பிரிவதற்குப் பதிலாகத் தாமே இடிந்து விழும்.

அரசாங்கம் ஆண்டுதோறும் எழுப்பும் பள்ளிக் கட்டடங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ஒரு கூடத்துக்காவது ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் இடம்பெறட்டும். அந்த ஒரே உத்தரவு, எத்தனையோ பாராட்டு விழாக்களால் முடியாத அளவுக்கு இந்தத் தொழிலாளர்களுக்கு ஆதாரமாகும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர், பற்றவைப்பாளர் பிரிவுகளோடு சுண்ணாம்புப் பூச்சுக்கும் மரச்செதுக்குக்கும் பிரிவுகள் திறக்கப்பட்டு, இன்று உயிரோடிருக்கும் மூத்த கொத்தனார்களும் ஆசாரிகளும், சான்றிதழ் கேட்கப்படாமல், முழுச் சம்பளத்தில் ஆசிரியர்களாக அமர்த்தப்பட வேண்டும். ஓவிய ஆசிரியருக்குப் பகுதிநேரம் ஒழிந்து முழுநேரப் பணி வர வேண்டும்.

பங்காளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விற்பதென்றே முடிவாகிவிட்டாலும், லாரி வருமுன், தெரிந்த ஒரு கட்டடக் கலைஞரை அழைத்து வீட்டை அளந்து வரைபடமாக்குங்கள். ஒவ்வொரு நிலையையும் தூணையும் அதனதன் இடத்தில் புகைப்படமெடுங்கள். பூச்சுக் கலவையின் கணக்குத் தெரிந்த முதியவர் ஊரில் இருந்தால் அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரு படியை அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். கூடுமானால், முழு வீட்டையும் கடைக்காரருக்குத் துண்டு துண்டாக விற்பதற்குமுன், அதே இடத்தில் அதை நிற்கவைத்து நடத்த முன்வரும் ஒருவரை ஓராண்டு தேடிப் பாருங்கள்.